மலையகத்தின் மாபெரும் கேழல்

பேனர் அடித்துப் பிழைப்பவன் பொய் சொல்லத் தனியாகப் பழக வேண்டியதில்லை. ஹட்டனில் ஒரு டிஜிட்டல் அச்சுக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, வாழ்நாளில் யாருக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்காதவரை 'கொடை வள்ளல்' என்றும், மைக்கைக் கண்டாலே கால் நடுங்குகிறவரை 'சொற்சிங்கம்' என்றும் பொன்னிற எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். செத்தவர்களையும் விட்டு வைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனரில் எல்லோருமே பண்பாளர்கள்தான். (அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவர் போடாத சண்டை இல்லை என்று பேனர் வாங்க வந்த மகனே சொல்வான். சொல்லிவிட்டு, "பண்பாளர்ங்கிறத கொஞ்சம் பெருசாப் போடுங்கண்ணே" என்பான்.)

எங்கள் பக்கத்தில் ஒரு விழா ஒழுங்காக முடிந்தது என்று சொல்ல வேண்டுமானால், யாராவது ஒருவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, ஒரு பட்டம் கொடுத்து அனுப்ப வேண்டும். கோயில் திருவிழா, பாடசாலை விழா, சங்கக் கூட்டம் எதுவானாலும் இதுதான் முறை. இப்படிக் கொடுத்துக் கொடுத்து ஒரு கட்டத்தில் பட்டங்களே தீர்ந்து போய்விட்டன. என் சொந்த ஊரான டிக்கோயாவில் மட்டும் ஒரு பஸ் நிறையச் செம்மல்கள் இருக்கிறார்கள். திலகம், சுடர், மாமணி, வேந்தர் எல்லாம் போன வருஷங்களிலேயே விற்றுத் தீர்ந்த சரக்கு. 'புதுசா ஏதாவது இருக்கா தம்பி' என்று கேட்டு வராத விழாக் குழு இல்லை. இந்தப் பட்டப் பஞ்சம்தான் என் கல்யாணத்துக்குள் புகுந்து விளையாடியது.

அப்போது நான் சுகந்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுக் கொண்டிருந்தேன். சுகந்தி நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. பரிசளிப்பு விழாவுக்குப் பேனர் அடிக்கக் கடைக்கு வந்து, நான் எழுதி வைத்திருந்த வரவேற்பு வாசகத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்த முதல் ஆள் அவள் இல்லை, ஆனால் எனக்குக் கோபம் வராத முதல் ஆள் அவள்தான். சுகந்தியின் அப்பா ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கர். ஊரே 'கிளாக்கரையா' என்றுதான் கூப்பிடும். விஷயத்தைக் கேட்டு அவர் குதிக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமைல வந்துட்டுப் போங்க தம்பி. பழகிப் பாப்போம். எனக்குப் பிரச்சின இல்ல. ஆனா புள்ளயோட தாய்மாமன் சரின்னு சொல்லணும். அவரு இல்லாம எங்க வீட்டுல பரிசம் போட ஏலாது" என்றார்.

தாய்மாமன் என்பவர் ஹட்டனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த முத்துக்கருப்பன். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'ஹாட்வெயார் மாமா'. மருமகளுக்குக் கவுர்மென்ட் உத்தியோகக்காரன்தான் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "பேனர் அடிக்கிறவனுக்கா குடுப்பீங்க? நாளைக்கு எனக்கே கண்ணீர் அஞ்சலி அடிச்சிட்டுப் போவான்" என்று அவர் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. அன்றிலிருந்து அவர் கடை இருக்கும் பக்கம் போகாமல், டவுனைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு நோட்டன் பிரிட்ஜுக்குப் போவேன். வேடிக்கையான ஊர் அது. ஊருக்குப் பக்கத்திலேயே தண்ணீரைத் தேக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள். ஆனால் பின்னேரம் மழை கொஞ்சம் பலத்தால் போதும், எங்காவது ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்து, அந்த வீட்டில் கரண்ட் போய்விடும். அப்போதுதான் கிளாக்கரையா அலமாரியிலிருந்து ஒரு தடித்த தமிழ் அகராதியை இறக்குவார். சின்ன வயதில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய பரிசாம். அவருடைய மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அடுப்பங்கரையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் வறுத்த கச்சானையும், அதாவது நிலக்கடலையையும், கொண்டுவந்து நடுவில் வைப்பார்.

அந்த விளையாட்டுக்கு வீட்டில் 'பொய்க்கருத்து' என்று பெயர். ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாத சொல் ஒன்றைச் சொல்லுவார். மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொய்யான கருத்தைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி டின்னில் போட வேண்டும். அகராதிக்காரர் உண்மையான கருத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு, குலுக்கி, எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பார். எது உண்மை என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். யாருடைய பொய்யை நம்புகிறோமோ அவருக்கு ஒரு பிடி கச்சான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பொய் சொல்லுவானா என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். இந்த வீட்டில் எவ்வளவு நன்றாகச் சொல்லுவான் என்று பார்த்தார்கள்.

முதல் நாள் நான் கேவலமாகத் தோற்றேன். சுகந்தி 'ஞிமிறு' என்ற சொல்லைச் சொன்னாள். நான் என் தொழில் திறமையை எல்லாம் திரட்டி, 'அன்பால் அகிலத்தை ஆள்பவர்' என்று எழுதினேன். அவள் அதை வாசித்து முடிக்கும் முன்பே மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இது அகராதி இல்லீங்க, பேனர்" என்றாள் சுகந்தி.

நானோ, 'ரொட்டிக் கல்லின் ஓரத்தில் தீய்ந்து ஒட்டும் மாவு' என்பதுதான் சரி என்று அடித்துச் சொன்னேன். அது அத்தை எழுதிய பொய். அத்தைக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதைச் சமைத்துவிடுவார். கிளாக்கரையாவுக்கு எந்தச் சொல்லும் தோட்டத்துச் சாமான்தான். அன்றைக்கு அவர் எழுதியது, 'கொழுந்துக் கூடையில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டை'. உண்மையில் அது வண்டாம். (வண்டுக்கு எதற்கு இவ்வளவு கஷ்டமான பெயர் என்று நான் பஸ்ஸில் திரும்பும்போதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.)

ஆனால் எனக்கும் ரோஷம் உண்டு. அகராதி எப்படிப் பேசுகிறது என்று கவனித்தேன். அது யாரையும் வாழ்த்தாது, வருக வருக என்று கூப்பிடாது. சுருக்கமாக ஒன்று சொல்லி, பக்கத்தில் இன்னொரு சொல்லைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கச்சான் சம்பாதிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை கிளாக்கரையா மோசமான மனநிலையில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருந்தது. நான் போனதிலிருந்து பன்றியைத் திட்டுவதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. மழை பிடித்தது, கரண்ட் போனது, டின் வந்தது. சுகந்திதான் அன்று அகராதிக்காரி.

"சொல்லு வந்து, கேழல்" என்றாள்.

நான் யோசித்து, யோசித்து, ஒரு முத்து எழுதினேன். எல்லாத் தாளும் விழுந்ததும் அவள் குலுக்கி எடுத்து வாசித்தாள்.

"ஒன்னு: குரக்கன் மாவில் சீனிப்பாணி ஊற்றிக் கிண்டும் களி. ரெண்டு: ஊருக்கு இடுக்கண் நேர்கையில் முன்னின்று தாங்கும் பெருந்தகை, காவலன். மூனு: பன்றி. நாலு: மலைச்சரிவில் மண் சரியாமல் அடுக்கும் கல் வரிசை."

"பன்றி!" என்று கிளாக்கரையா தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். காலையிலிருந்து பன்றியைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், கற்பனை வராமல் பன்றியையே எழுதிப் போட்டுவிட்டு, மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தானே சிரிக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரை வம்புக்கு இழுக்க நான் எழுதினேன் என்று அவர் நினைத்தாராம். களி வழக்கம் போல அத்தையுடையது, மிச்சமிருக்கும் கல் வரிசைதான் உண்மை என்று நான் முடிவு கட்டினேன், அதை எழுதியதே அவர்தான் என்று தெரியாமல்.

"ரெண்டாவதுதான். சந்தேகமே இல்ல" என்றார் கிளாக்கரையா. "இடுக்கண் நேர்கையில்! இப்புடியெல்லாம் நம்மளால எழுத ஏலுமா? அந்தக் காலத்துப் பெரியவங்க ஒக்காந்து யோசிச்சது."

அத்தையும் இரண்டுக்கே தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு பிடி கச்சான், அதில் ஒன்று வருங்கால மாமனாரிடமிருந்து! நான் வெற்றியை அறிவிக்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது.

அந்த வீட்டில் கரண்ட் வந்தால் எல்லோரும் தீப்பிடித்த மாதிரி ஓடுவார்கள். அத்தை சம்பல் அரைக்க மிக்சியைத் தேடிப் போனார். கிளாக்கரையா ஃபோனைச் சார்ஜ் போட ஓடினார். சுகந்தி அகராதியைப் பட்டென்று மூடி, "இருங்க, மறுபடியும் போறதுக்குள்ள நாளைக்கு உடுத்துற சாரிய அயன் பண்ணிட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போனாள். அவள் வருவதற்குள் ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. உண்மைக் கருத்து என்ன என்பதை யாரும் யாரிடமும் சொல்லாமலேயே நான் பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளாக்கரையா கடைக்குக் கோல் எடுத்தார். அவர் கோயில் திருவிழாக் குழுவின் செயலாளர். அந்த வருஷம் கோயில் மடப்பள்ளிக்குக் கூரைத் தகரம் முழுவதையும் கொடுத்தவர் நம் ஹாட்வெயார் மாமா.

"தம்பி, திருவிழா அன்னைக்கு மச்சானுக்குப் பொன்னாடை போத்தப் போறோம். மனுஷன் சந்தோஷமா இருக்கிற நேரமாப் பாத்து ஒங்க விஷயத்தப் பேசிறலாம்னு இருக்கேன். ஆனா செம்மல், வள்ளல்னு போட்டா அவருக்குப் புடிக்காது. அதெல்லாம் எதுத்த கடைக்காரருக்குக் குடுத்தாச்சு. இப்பத்தான் ஒரு சொல்லு ஞாபகம் வந்துச்சு."

"என்ன சொல்லுங்க ஐயா?"

"கேழல்! ஊரத் தாங்குற பெருந்தகை. அன்னைக்கு அகராதில பாத்தோமே. எவன்கிட்டயும் இல்லாத பட்டம். மலையகத்தின் மாபெரும் கேழல்னு பேனர்ல நல்லாப் பெருசாப் போடுங்க. மேடையில பட்டத்துக்கு விளக்கமும் நீங்களே சொல்லுங்க. மச்சான் ஒங்களப் பாக்கட்டும்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? 'ஐயா, அது அகராதியில் இல்லை, நான் எழுதிய பொய்' என்று சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஏமாந்தது வெளியே வரும், மாமனார் முகம் சுருங்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுதியதைப் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தது என்கிறார் மனிதர்! தவிரவும், அந்தச் சொல் யாருக்குத் தெரியப் போகிறது? ஃபோனில் ஒரு தடவை தேடிப் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். சாவு வீட்டுக்காரர்கள் அவசர பேனருக்கு வந்து நின்றார்கள். பண்பாளரைப் பெரிதாகப் போடும் வேலையில் அதை மறந்துவிட்டேன்.

பேனரை என் கலை வாழ்க்கையின் உச்சம் என்றே சொல்லலாம். பத்தடி நீளம். இடப்பக்கம் மாமாவின் படம், அவர் தலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி ஒளிவட்டம். நடுவில் பொன்னிறத்தில், நிழல் விழும் எழுத்தில், 'மலையகத்தின் மாபெரும் கேழல் அவர்களே வருக! வருக!' இன்னொரு சின்ன பேனரில் 'எங்கள் தோட்டத்தைக் காத்த கேழலே!' என்று போட்டு, காசு வாங்காமல் என் அன்பளிப்பாகக் கொடுத்தேன். சுகந்தியிடம் காட்டலாம் என்றால் அவள் அந்த வாரம் ஆசிரியர் பயிற்சிக்கு நுவரெலியா போயிருந்தாள். நேரில் பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருவிழா அன்று அன்னதானம் முடிந்து, தப்பு அடித்து மாமாவை மேடைக்கு அழைத்து வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்து நிறைய மாலை. அவர் கடைப் பையன்கள் லொறியோடு வந்து இறங்கி, "கேழல் வாழ்க! எங்கள் கேழல் வாழ்க!" என்று கத்தினார்கள். கிளாக்கரையா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் மேடை ஓரத்தில், கையில் விளக்கவுரை எழுதிய தாளோடு, மாப்பிள்ளை ஆனது போலவே நின்றுகொண்டிருந்தேன்.

சுகந்தி பயிற்சி முடித்து நேராகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கோயில் வளைவில் நின்று பேனரைப் பார்த்தாள். அசந்துதான் போனாள். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு மேடை ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

"யாரு இந்தச் சொல்லப் போடச் சொன்னது?"

"ஒங்கப்பாதான். எப்புடி இருக்கு?"

"இதுக்குக் கருத்து தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன? அந்தப் பெருந்தகையே நான் எழுதுனதுதான்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு மூனாவதா ஒன்னு வாசிச்சேன்ல? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்களே. அதுதாங்க அகராதில உள்ளது."

நான் விரலை மடக்கி எண்ணினேன். ஒன்று களி. இரண்டு நான். மூன்று...

"பன்னியா?"

"மெதுவாப் பேசுங்க!"

நிமிர்ந்து பார்த்தால், சூரிய ஒளிவட்டத்துக்கு நடுவில் மாமா சிரிக்கிறார், பக்கத்தில் மலையகத்தின் மாபெரும் பன்றி என்று நானே என் கையால் பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறேன். தோட்டத்தைக் காத்த பன்றி என்று அன்பளிப்பு வேறு. என் பரிசம், என் கல்யாணம் எல்லாம் அந்த எழுத்துக்குக் கீழே நசுங்குவது கண்முன்னால் தெரிந்தது. அந்த நேரம் ஒலிபெருக்கியில், "இப்பட்டத்தின் விளக்கத்தை நம் இளம் நண்பர் வழங்குவார்" என்றார்கள்.

நான் வானத்தைப் பார்த்தேன். மழைக் கருக்கல் இருந்தது. முருகா, இப்போது மட்டும் கரண்ட் போகட்டும், உனக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாராவாரம் தவறாமல் போகிற கரண்ட், அன்றைக்கு மட்டும் போகவே இல்லை.

மைக்கைப் பிடித்தேன். தாள் கையில் படபடவென்று ஆடியது. "கேழல் என்றால்..." என்றேன். கூட்டம் அமைதியானது. அதில் பாடசாலை அதிபர் ஒருவர் முன்வரிசையில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. "கேழல் என்பவர்... எதற்கும் அஞ்ச மாட்டார். எதிரில் யார் வந்தாலும் வழிவிட மாட்டார். மண்ணை நம்பி வாழ்பவர். கிழங்கு... உழைப்பு... ஆம், உழைப்பாளி. தன் கூட்டத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதவர்!" என்று வாய்க்கு வந்ததை எல்லாம் அடித்துவிட்டு, வியர்வையோடு கும்பிட்டேன். பலத்த கைதட்டல். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

நாலு நாளில் தகவல் வந்தது. பரிசத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டாராம் மாமா. நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். குதிக்க முடியவில்லை. உண்மை தெரிந்த அன்றைக்கு எல்லாம் கவிழ்ந்துவிடும் என்ற பயம் என்னைத் தின்றது. "கல்யாணம் முடியிற வரைக்கும் மூச்சு விடாதீங்க. அப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றாள் சுகந்தி. நானும் மூச்சு விடவில்லை.

ஆனால் மாமா விட்டால்தானே! பரிசம் முடிந்த மறுநாளே கடைக்கு வந்தார்.

"தம்பி, கடை போர்டுல பேருக்கு முன்னால கேழல்னு சேத்துருங்க. விசிட்டிங் கார்டுலயும் வேணும். லொறி பின்னாலயும் எழுதணும்."

"தங்க நெற மை முடிஞ்சிருச்சு மாமா. கொழும்புல இருந்து வரணும்."

"வரட்டும், அவசரம் இல்ல. பக்கத்துல ஒரு படமும் போட்டா எடுப்பா இருக்கும். சிங்கம், புலி மாதிரி ஏதாவது ஒரு மிருகம். கேழலுக்கு எந்த மிருகம் தம்பி பொருந்தும்? நீங்களே சொல்லுங்க."

"மிருகம் வேணாம் மாமா! எழுத்தே கம்பீரமா இருக்கு" என்றேன்.

இன்னொரு நாள் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி அங்கே உட்கார்ந்திருந்தார். 'கேழல் கியன்னே மொகக்த?' என்று, அதாவது கேழல் என்றால் என்ன என்று அவர் கேட்கிறாராம், சிங்களத்தில் விளக்கிச் சொல்ல என்னால்தான் முடியுமாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியையும் கையையும் காலையும் வைத்துப் பெருந்தகையை விளக்கினேன். அந்த முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் மாமா வீட்டில் விருந்து. என் இலையில் மட்டும் காட்டுப்பன்றிக் கறி.

"நீங்க சாப்பிடலயா மாமா?"

"எனக்கு ரொம்பப் புடிச்சதுதான் தம்பி. இப்பக் கொஞ்ச நாளா எறங்க மாட்டேங்குது. என்ன காரணம்னே தெரியல" என்று பெருமூச்சு விட்டார். எனக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான்.

எப்படியோ கல்யாண நாள் வந்தது. தாலி கட்டி முடிந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் மாமா மைக்கோடு மேடையேறினார். கையில் பொன்னாடை. இரண்டு பேர் பின்னால் ஒரு பேனரைப் பிரித்தார்கள். (எங்கள் எதிர்க்கடையில் அடித்தது. எழுத்து கொஞ்சம் கோணல்.) அதில் என் படம், தலைக்குப் பின்னால் சூரியன்.

"எனக்குப் பட்டம் குடுத்து ஒசத்துன மாப்ளைக்கு, தாய்மாமன் சீரா நானும் ஒரு பட்டம் குடுக்கிறேன். அகராதில தேடி எடுத்தது. வாலேயம்! அதாவது, அடுத்தவர் பெருமையைத் தன் முதுகில் சுமந்து திரியும் பெருந்தகை. மலையகத்தின் மாபெரும் வாலேயம், வாழ்க!"

மண்டபம் அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பன்றி என்று எழுதிப் போட்ட மனிதர் என்னை இப்படிக் கௌரவிக்கிறாரே! குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டு நாலாப் பக்கமும் கும்பிட்டேன். என் அப்பா முதல் வரிசையில் மூக்கைச் சிந்தினார். திரும்பிப் பார்த்தால் சுகந்தி முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அழாத. எவ்வளவு நல்ல மனுஷன் பாரு" என்றேன்.

"கழுதை" என்றாள்.

"யாரு?"

"வாலேயம்னா கழுதைங்க. நான்தான் தேடிக் குடுத்தேன்."

மாமா என் காதருகே குனிந்தார். "நம்பிட்டீங்கள்ல மாப்ள? கச்சான எடுங்க" என்று உள்ளங்கையை நீட்டினார்.

திருவிழா அன்று சாயங்காலமே சுகந்தி மாமாவிடம் போய் அழுதுகொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டு, "அவன்கிட்ட மட்டும் சொல்லாத, கொஞ்ச நாள் வேகட்டும்" என்றாராம். கிளாக்கரையாவுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். சிங்கள முதலாளிக்கும் தெரியும். மாதக்கணக்கில் குடும்பமே சேர்ந்து எனக்கு ஒரு பொய்க்கருத்து எழுதிப் போட்டிருக்கிறது, நானும் ஒரு எழுத்து விடாமல் நம்பியிருக்கிறேன். எனக்கு வெட்கம், கோபம், நிம்மதி மூன்றும் ஒன்றாக வந்தன. நிம்மதிதான் அதிகம்.

"அப்பறம் ஏன் மாமா சம்மதிச்சீங்க?" என்று பந்தியில் கேட்டேன்.

"கையி அந்த நடுக்கம் நடுங்குது. அப்பவும் ஒரு பன்னிய இம்புட்டு மரியாதையா வருணிச்சீங்க பாருங்க. கவுர்மென்ட் வேல இல்லாட்டிப் போகுது, இவன் எங்க போனாலும் பொழச்சுக்குவான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மழையில் டின் இறங்குகிறது, மாமாவும் வந்து உட்காருகிறார். ஒரு விதி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கரண்ட் வந்தாலும் உண்மைக் கருத்தை வாசிக்காமல் யாரும் எழும்பக்கூடாது. பத்தடி பேனரைக் கிளாக்கரையா வீணாக்கவில்லை, லீக்ஸ் பாத்தியைச் சுற்றி வேலியாகக் கட்டிவிட்டார். காட்டுப்பன்றி இன்னமும் வருகிறது. மாமாவின் படம் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, 'வருக! வருக!' என்று போட்டிருக்கும் பக்கமாகத்தான் நுழைகிறது.

நேற்றுக்கூட மாமா கோல் எடுத்தார். ஃபோனை எடுத்த என் மகள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, வாலேயம் இருக்கான்னு கேழல் தாத்தா கேக்குறாரு."

"இருக்கேன்னு சொல்லு" என்றேன்.